பெரிய பைல் இறக்கினால் மட்டும் அறுந்த இணையம்: மலையக வீடொன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் நடந்தது இது. தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து மாறி, 7 பேர்ச் காணியில் கட்டிக்கொண்ட தனி வீடு. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இன்னும் கொழுந்துக்குப் போகிறார். மகன் கொழும்பு வேலையை விட்டுவிட்டு, வீட்டில் இருந்தபடியே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறார். தங்கச்சி பட்டப்படிப்பு மாணவி. பாதி விரிவுரைகள் சூமில்.

அந்த டிவிஷனுக்கு பைபரும் இல்லை, தொலைபேசிக் கம்பியும் இல்லை. சிம் போட்ட 4ஜி ரவுட்டர் ஒன்றுதான். டவர் எதிர் மலையில், நேர்கோட்டில் மூன்று கிலோமீற்றர் இருக்கும். நடுவில் ஒரு பள்ளமும் ஒரு வரிசை சவுக்கு மரங்களும். பேக்கேஜில் பகல் டேட்டா கொஞ்சம், நள்ளிரவு 12 மணிக்குப் பிறகான இரவு டேட்டா நிறைய. அதனால் மகன் பெரிய பைல்களை எல்லாம் இரவில் இறக்கப் போட்டுவிட்டுத் தூங்குவார்.

ரவுட்டருக்கும் சுவர் பிளக்குக்கும் நடுவில் ஒரு மினி யூபிஎஸ் இருந்தது, கரண்ட் போனால் தன் பட்டரியில் ரவுட்டரை ஓட்டும் பெட்டி. 2022இல் வாங்கியது. அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். பிள்ளைகள் படிக்கும் வீடுகளிலெல்லாம் இந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி வந்து சேர்ந்தது அப்போதுதான்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிறகுதான் தெரிய வந்தது என்றாலும். 2024 சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரம், பின்னேரத்து இடி ஒன்றில் ரவுட்டரோடு வந்த அடாப்டர் எரிந்துபோனது. டவுனில் வேறொன்று வாங்கி மாட்டினார்கள். ரவுட்டர் ஓடியது, பச்சை லைட் வந்தது, அதோடு அதை மறந்துவிட்டார்கள்.

என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்

நான் ஹட்டனில் கணினி, சிசிடிவி வேலைகள் செய்கிறவன். மே நடுப்பகுதியில் மகன் கூப்பிட்டார்.

"அண்ணே, ஸ்பீட் டெஸ்ட் போட்டா நல்லா வருது. யூடியூப் ஓடுது. பெரிய பைல் எறக்குனா மட்டும் பத்து பதினைஞ்சு நிமிஷத்துல கட் ஆகுது. கம்பெனிக்காரன் ராத்திரி 12 மணிக்கு மேல வேணும்னே கட் பண்றான் போல."

வைகாசி முகூர்த்தங்கள் தொடங்கிய நேரம். போட்டோகிராபர்கள் கிளவுடில் ஏற்றி அனுப்பும் காட்சிகள் ஒவ்வொன்றும் 20, 30 ஜிபி. ஏப்ரலில் அவர் இவ்வளவு பெரிதாக எதையும் இறக்கவில்லை. அதனால் கோளாறு மே மாதத்தில் வந்தது என்றே எல்லோரும் எண்ணினோம். உண்மையில் அது ஏப்ரலிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அதைச் சோதிக்கிற மாதிரி பாரம் ஒன்றும் அதன்மேல் விழவில்லை, அவ்வளவுதான்.

கஸ்டமர் கேருக்கு இரண்டு முறை பேசியிருந்தார்கள். "ரவுட்டரை ஓப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்றும், "உங்க பகுதியில சிக்னல் கொஞ்சம் குறைவு" என்றும் பதில் வந்ததாம். இரண்டாவது பதில் பொய்யில்லை. ஆனால் அதுதான் என்னையும் வழிதவற வைத்தது.

முதல் வருகை: மே 18

ரவுட்டர் ஹோலில் டிவிக்கு மேலே இருந்த தட்டில் இருந்தது. லெப்டொப்பில் ரவுட்டரின் இணையப் பக்கத்தைத் திறந்து சிக்னல் எண்களைப் பார்த்தேன். ஆர்எஸ்ஆர்பி, அதாவது டவரின் சத்தம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்கிற கணக்கு, மைனஸ் 104. எஸ்ஐஎன்ஆர், அந்தச் சத்தம் இரைச்சலுக்கு மேல் எவ்வளவு தெளிவு என்கிற கணக்கு, 6. ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 90க்கு மேலே இருந்தால் கவலை இல்லை, மைனஸ் 110க்குக் கீழே போனால் சிரமம். எஸ்ஐஎன்ஆர் 20 இருந்தால் அருமை, பூச்சியத்தை நெருங்கினால் இழுபறி. இந்த வீடு இரண்டிலும் நடுவுக்குக் கொஞ்சம் கீழே. ஸ்பீட் டெஸ்டில் 9 எம்பிபிஎஸ், அதாவது செக்கனுக்கு 9 மெகாபிட், வந்தது.

கம்பெனி இரவில் வேண்டுமென்றே துண்டிக்கிறது என்ற சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ள நினைத்தேன். பகல் டேட்டாவில் 2 ஜிபி செலவழித்து, பின்னேரம் 3 மணிக்கு ஒரு பைலை இறக்கப் போட்டோம். பதினோராவது நிமிடம் நின்றது. ஆக, 12 மணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சூடும் காரணமாக இருக்க வாய்ப்பில்லை: அதிகம் அறுவது நள்ளிரவில், அங்கே அந்நேரம் போர்வை இல்லாமல் இருக்க முடியாது. ஆனாலும் ஒரு மின்விசிறியை ரவுட்டர் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தோம். மாற்றம் இல்லை.

அப்புறம் லெப்டொப்பில் 8.8.8.8க்கு, அதாவது வெளியே இணையத்தில் உள்ள கூகுளின் ஒரு முகவரிக்கு, தொடர்ச்சியாக பிங் ஓடவிட்டேன். பிங் என்பது ஒரு சின்னக் கேள்வி அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பது. இறக்கம் நின்ற அதே கணத்தில் பிங்கும் நின்றது. திரும்பி வர எடுத்த நேரத்தைக் குறித்து வைத்தேன்: முதல் முறை 1 நிமிடம் 50 செக்கன், அடுத்தது 1 நிமிடம் 52, மூன்றாவது மறுபடியும் 1 நிமிடம் 50.

இந்த மூன்று எண்களையும் கையில் வைத்துக்கொண்டே நான் தவறான முடிவுக்குப் போனேன். சிக்னல் போய்த் திரும்பினால் ஒரு முறை நாலு செக்கன் ஆகும், இன்னொரு முறை நாற்பது ஆகும். அளந்து வைத்தாற்போல் மூன்று முறையும் ஒரே நேரம் வராது. ஒரே நேரம் வருகிறது என்றால், ஏதோ ஒன்று ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எழுந்து உட்கார்கிறது என்று அர்த்தம். அன்று எனக்கு அது தோன்றவில்லை. எதிர் மலை, பள்ளம், சவுக்கு மரம், மைனஸ் 104: கதை அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

எடுத்த முதல் முடிவும் அதன் காரணமும்

வெளியே ஓர் அன்டெனா போடலாம் என்றேன். வலுவில்லாத சிக்னலில் பாரம் கூடினால் இணைப்பு அறுகிறது, சிக்னலைக் கூட்டினால் நிற்கும் என்பது என் கணக்கு. ரவுட்டரின் பின்னால் அன்டெனா மாட்ட இரண்டு துளைகளும் இருந்தன. 9,500 ரூபாய். வெசாக் விடுமுறையில் கூரை ஓரத்தில் ஜீஐ குழாய் நட்டு, எதிர் மலைக்கு நேராகத் திருப்பி மாட்டினோம்.

அன்டெனா தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 95க்கும் எஸ்ஐஎன்ஆர் 14க்கும் ஏறின. வேகம் 9இலிருந்து 21 எம்பிபிஎஸ். தங்கச்சிக்கு சந்தோஷம். அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

கொடுக்கும்போது அம்மா ஒன்று சொன்னார்: "காலையில நாலரைக்கு எந்திரிச்சு அடுப்பு பத்த வைக்கிறப்போ பார்ப்பேன் தம்பி, அந்தப் பெட்டி லைட்டு எல்லாம் அணைஞ்சு அணைஞ்சு எரியும்." "ஆமாங்கம்மா, சிக்னல் தேடும்போது லைட் அப்படித்தான் மின்னும்" என்று பதில் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். சிக்னல் தேடும்போது ஒரு லைட்தான் மின்னும். அம்மா சொன்னது எல்லா லைட்டும் என்று.

நிலைமை மோசமானது

ஒரு வாரத்தில் மகன் திரும்பவும் அழைத்தார். முன்பு பத்து பதினைந்து நிமிடம் தாங்கியது, இப்போது ஐந்தாறு நிமிடத்திலேயே போகிறதாம். தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருந்தது. மூடுபனியும் மழையும்தான் காரணம் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்களாம்.

பனியைப் பற்றி மலையகத்தில் இது பரவலான நம்பிக்கை, அதனால் இரண்டு வரி. 4ஜி அலைகள் பெரும்பாலும் 2 கிகாஹேர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்களில் போகின்றன. அந்த அலைகளைப் பனித்துளிகளும் மழைத்துளிகளும் பெரிதாகத் தடுப்பதில்லை. நனைந்த மரக்கிளைகள் கொஞ்சம் தடுக்கும். டவரிலிருந்து டவருக்குப் போகும் மைக்ரோவேவ் இணைப்பு கனமழையில் தடுமாறலாம், அது வேறு அதிர்வெண், வேறு கதை. நான் இரண்டாவது முறை போன அன்று எதிர் மலையே தெரியாத அளவுக்கு மூடியிருந்தது. ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 96. வெயில் நாளைவிட ஒன்றே ஒன்றுதான் குறைவு.

சிக்னல் நன்றாகி, வேகமும் கூடி, அதன் பிறகு சீக்கிரமாக அறுகிறது. இந்த முரண்தான் என்னை உட்கார வைத்தது. சிக்னல் குறைவுதான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா நடக்க வேண்டும்?

இரண்டாவது வருகை: ஜூன் 2

இந்த முறை வைஃபையை விட்டுவிட்டு, லெப்டொப்பை ரவுட்டரோடு கேபிளில் கட்டினேன். திரையில் கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னல்கள் இரண்டைத் திறந்து, ஒன்றில் வெளியே 8.8.8.8க்கும் மற்றொன்றில் ரவுட்டருக்கே, 192.168.8.1க்கும் பிங் ஓடவிட்டேன். டவருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் கோளாறு என்றால் முதல் ஜன்னல் மட்டும் நிற்க வேண்டும். ரவுட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. அதற்கான பிங் நிற்க எந்த நியாயமும் இல்லை.

பெரிய பைலை இறக்கப் போட்டோம். ஆறாவது நிமிடம் இரண்டு ஜன்னலும் ஒன்றாக நின்றன. நிமிர்ந்து பார்த்தேன். ரவுட்டரில் ஒரு லைட்டும் இல்லை. இரண்டு மூன்று செக்கனில் பவர் லைட் முதலில் வந்தது, அப்புறம் வைஃபை, கடைசியாக சிக்னல் கோடுகள்.

மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, வைஃபை பேரே லிஸ்ட்ல இல்ல" என்றார். முதல் நாள் தொலைபேசியிலேயே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்குப் பதில் இது.

ரவுட்டரின் பதிவேட்டைத் திறந்தேன். நேற்று இரவு 12.40க்கு ஒரு வரி. அதற்கடுத்த வரியின் தேதி 1970 ஜனவரி 1, காலை 5.30. அதன் கீழே நாலைந்து வரிகள் 1970இலேயே ஓடி, பிறகு திடீரென்று மறுபடியும் 2024. ஒரே இரவில் ஆறு இடங்களில் இப்படி. இந்த மாதிரி ரவுட்டருக்குள் கடிகாரத்துக்கென்று தனி பட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் கணினிகள் எண்ணத் தொடங்கும் அந்தப் பூச்சிய நேரத்துக்கே, 1970 ஜனவரி 1க்கே, போய்விடும். இலங்கை நேரம் ஐந்தரை மணித்தியாலம் முன்னே என்பதால் 5.30. நெட்வொர்க் கிடைத்ததும்தான் உண்மையான நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆக, அந்த இரவு இணைப்பு ஆறு முறை அறவில்லை. ரவுட்டர் ஆறு முறை செத்துப் பிழைத்திருக்கிறது.

அம்மா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கரண்டைத் தேடிப் போனது

ரவுட்டரின் அடியிலிருந்த ஸ்டிக்கரில் 12 வோல்ட், 1.5 அம்பியர் என்றிருந்தது. சுவரில் இருந்த அடாப்டரில் 12 வோல்ட், 1 அம்பியர். "இது அதோட வந்ததா?" என்று கேட்டபோதுதான் சித்திரை மாதத்து இடிக் கதை வெளியே வந்தது. கடையில் பழைய அடாப்டரைக் காட்டித்தான் கேட்டிருக்கிறார்கள். முனை சரியாகப் பொருந்தியது, வோல்ட்டும் 12. அம்பியரை யாரும் பார்க்கவில்லை.

யூபிஎஸ்ஸைக் கையில் எடுத்தேன். மூடி ஒரு பக்கம் லேசாக எழும்பியிருந்தது. உள்ளே மூன்று லித்தியம் செல்கள், இரண்டு வருடத்துக்கு மேலாக இரவும் பகலும் முழுச் சார்ஜில் இருந்தவை. லித்தியம் செல்லுக்கு இது நல்லதல்ல. முழுச் சார்ஜிலேயே வைத்திருந்தால் சீக்கிரம் கொள்ளளவு குறையும், உள் எதிர்ப்புக் கூடும். கொஞ்சமாகக் கேட்டால் கொடுக்கும், நிறையக் கேட்டால் சுருண்டுவிடும்.

சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொரு முறை அந்த வீட்டாரைச் செலவு செய்ய வைக்க எனக்கு மனம் வரவில்லை. அளந்து பார்க்க வேண்டும். சிசிடிவி வேலைக்கு நாங்கள் பயன்படுத்தும் ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் டிசி வயர் பையில் இருந்தது. ஒரு முனையை ரவுட்டருக்கும், இன்னொன்றை மல்டிமீற்றருக்கும் கொடுத்தேன். செய்து பார்க்கிறவர்கள் மீற்றரின் இரண்டு ஊசிகளும் ஒன்றோடொன்று படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சும்மா இருக்கும்போது 11.9 வோல்ட். இறக்கம் தொடங்கியதும் 11.5. நாலாவது நிமிடம் 11.2. ஆறாவது நிமிடத்தை நெருங்கும்போது எண் கொஞ்சம் துடித்து, ஒரே அடியாக 7க்கும் கீழே விழுந்தது. ரவுட்டர் அணைந்தது. அணைந்ததும் பாரம் இல்லை, செல்கள் மூச்சு வாங்கிக்கொள்ள எண் உடனே 12க்கு ஏறியது, ரவுட்டர் திரும்ப எழுந்தது. அறுவதும் வருவதும் ஒரு சுழற்சியாக நடந்ததன் சூட்சுமம் இதுதான். முழுமையாகச் செத்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்போம்.

அடுத்து, குற்றவாளி அடாப்டரா, யூபிஎஸ்ஸா என்று பிரித்துப் பார்த்தோம். யூபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு 1 அம்பியர் அடாப்டரை மட்டும் நேராகக் கொடுத்தபோது, வோல்ட் 11.1 வரை இறங்கினாலும் 40 நிமிடம் நின்றது. ஆனால் அடாப்டரில் கை வைக்க முடியாத சூடு. பிறகு என்னிடமிருந்த 12 வோல்ட், 2 அம்பியர் அடாப்டரை யூபிஎஸ் வழியாகக் கொடுத்தபோது ஒரு மணித்தியாலம் அறவில்லை. ஆனால் சுவரில் பிளக்கை இழுத்ததும் மூன்று செக்கனில் எல்லாம் இருட்டு. அந்தப் பெட்டி யூபிஎஸ் என்ற பெயரில் ஒரு வயராக மட்டும்தான் இருந்திருக்கிறது. கடைசியாக 2 அம்பியர் அடாப்டர் நேராக ரவுட்டருக்கு: 12.1, பாரத்தில் 11.9. அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

தனித்தனியாக இரண்டும் தட்டுத்தடுமாறி நின்றன. சேர்ந்தபோதுதான் விழுந்தன. 1 அம்பியர் அடாப்டர் ரவுட்டருக்கும் கொடுத்து, எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிறையாத பழைய செல்களுக்கும் கொடுக்க வேண்டியிருந்தது. ரவுட்டர் சும்மா இருக்கும்போது அது சமாளித்தது. பெரிய இறக்கம் நடக்கும்போது ரவுட்டரின் புரொசசரும் வைஃபையும் ஓயாமல் உழைக்கும், மின்சாரம் அதிகம் கேட்கும். குறைகிற பங்கைச் செல்கள் போட்டன; அவை தீர்ந்ததும் எல்லாம் விழுந்தது. ஸ்பீட் டெஸ்ட் அரை நிமிடத்தில் முடிந்துவிடும், அதுவரை செல்கள் தாங்கும். யூடியூப் விட்டுவிட்டு இழுக்கும், நடுவில் செல்கள் கொஞ்சம் தேறிக்கொள்ளும். அன்டெனா போட்டபின் வேகம் இரண்டு மடங்குக்கு மேலானது, ரவுட்டரின் உழைப்பும் கூடியது, அதனால் சீக்கிரம் விழுந்தது. நான் 9,500 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்த வைத்தியம் நோயை வேகப்படுத்தியிருக்கிறது.

இரண்டாவது முடிவு

வழிகள் மூன்று இருந்தன. யூபிஎஸ்ஸைத் தூக்கிவிட்டு நல்ல அடாப்டரோடு நிறுத்திக்கொள்வது. யூபிஎஸ்ஸின் செல்களை மட்டும் மாற்றுவது. இரண்டையும் புதிதாக வாங்குவது.

செல்களை மாற்றலாமே, மலிவாக முடியுமே என்று மகன் கேட்டார். நான் மறுத்தேன். லித்தியம் செல்களை ஸ்பொட் வெல்ட் செய்துதான், அதாவது ஒரு கணம் மட்டும் ஒரு புள்ளியில் சூடேற்றித்தான், இணைக்க வேண்டும். சோல்டரிங் அயனால் சூடேற்றி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். செல்லுக்கு அந்தச் சூடு கூடாது. மூடி எழும்பிய பெட்டியைப் பழுதுபார்த்து, மரத்தட்டில், திரைச்சீலைக்குப் பக்கத்தில் இரவு முழுக்க ஓடவிடுவதை நான் பொறுப்பேற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு அடாப்டரை மட்டும் மாற்றினோம். 12 வோல்ட், 2 அம்பியர், 1,800 ரூபாய். ரவுட்டர் கேட்பது 1.5; அடாப்டரில் அம்பியர் கூடுதலாக இருந்தால் ஆபத்தில்லை, ரவுட்டர் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். வோல்ட்தான் கூடக்கூடாது. யூபிஎஸ்ஸை உடனே வாங்க வேண்டாம், இரண்டு வாரம் இப்படியே ஓடட்டும் என்றேன். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால், எது சரியாக்கியது என்று பிறகு சொல்ல முடியாது. அன்டெனா விஷயத்தில் பட்டது போதும்.

பிறகு நடந்தவை

முதல் இரவே 28 ஜிபி ஒரே மூச்சில் இறங்கியது. இரண்டு வாரத்தில் 1970 ஒரே ஒரு முறை தலைகாட்டியது, அது கரண்ட் போன நாள்.

ஒன்பதாம் நாள் மகன் பதறிப்போய் அழைத்தார்: "அண்ணே, திரும்ப கட் ஆகுது." இந்த முறை நான் கேட்ட முதல் கேள்வி, வைஃபை பெயர் இருக்கிறதா இல்லையா என்பது. இருந்தது. ரவுட்டர் தொடர்ந்து ஓடிய நேரத்தைப் பார்க்கச் சொன்னேன்: ஏழு நாளுக்கு மேல். அப்படியென்றால் ரவுட்டர் விழவில்லை. பக்கத்து வீட்டில் அதே கம்பெனி சிம் இருக்கும் போனைப் பார்க்கச் சொன்னேன், அங்கேயும் இல்லை. எதிர் மலைப் பக்கம் காலையிலிருந்து கரண்ட் இல்லை, டவரின் பட்டரி தீர்ந்திருக்கும் என்பது என் ஊகம். கரண்ட் வந்து கொஞ்ச நேரத்தில் இணையமும் வந்தது. மூன்று கேள்வி, நாலு நிமிடம். நான் மலை ஏற வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு முறைப்பாடு தங்கச்சியுடையது. அண்ணன் இறக்கத் தொடங்கினால் சூமில் விரிவுரையாளர் வாயைத் திறந்தபடி உறைந்துபோகிறார் என்றாள். இதையும் வீட்டில் "கட் ஆகுது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஆனால் இது வேறு கோளாறு. பிங் பார்த்தேன்: சும்மா இருக்கும்போது 48 மில்லிசெக்கன், இறக்கத்தின்போது 700க்கு மேல். இணைப்பு அறுபடவில்லை, வரிசைதான் நீண்டிருந்தது. பின்னேரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில், முன்னால் ஒருவர் பத்து மூட்டையோடு நின்றால், பின்னால் ஒரு கை கொழுந்தோடு வந்தவரும் அதே வரிசையில்தான் காத்து நிற்க வேண்டும். சூமுக்கு வேண்டியது அந்த ஒரு கை கொழுந்துதான்.

அந்த ரவுட்டரில் வரிசையைப் பிரித்துவிடும் வசதி இல்லை. அதனால் மகனின் டவுன்லோட் மென்பொருளில் வேகத்தைக் கட்டச் சொன்னேன்: 21இல் 15க்கு. அவர் கட்டினார், ஒன்றும் மாறவில்லை. போய்ப் பார்த்தால் பெட்டியில் 15 என்றுதான் இருந்தது. ஆனால் அந்த மென்பொருள் கேட்டது செக்கனுக்கு எத்தனை மெகாபைட் என்று. நான் சொன்னது மெகாபிட். எட்டு மடங்கு வித்தியாசம். 1.9 என்று மாற்றியதும் பிங் 110க்கு வந்தது, விரிவுரையாளரும் பேசத் தொடங்கினார். எந்த அலகு என்று நான் சொல்லாமல் விட்டது என் பிழை.

ஜூலையில் புதிய யூபிஎஸ் வாங்கினார்கள். பெட்டியில் எழுதியிருந்த எண்ணை நம்பாமல், கடையிலேயே ரவுட்டரை மாட்டி, பிளக்கை இழுத்துவிட்டு, பத்து நிமிடம் வீடியோ ஓடவிட்டுப் பார்த்துத்தான் காசு கொடுத்தோம். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த முறை எதை மாற்றுவேன்

சிக்னல் எண்ணைத் திறப்பதற்கு முன் ரவுட்டர் எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பேன். ரவுட்டரின் பக்கத்தில் அது ஒரு வரி. மே 18 அன்று அதைப் பார்த்திருந்தால் "11 நிமிடம்" என்று அது சொல்லியிருக்கும், அன்டெனாவுக்கு அன்று வேலை இருந்திருக்காது.

"கட் ஆகுது" என்று யார் சொன்னாலும், அது மூன்றில் எது என்று தொலைபேசியிலேயே பிரித்துக் கேட்பேன். வைஃபை பெயரே மறைந்தால் ரவுட்டர் விழுகிறது, கரண்டைப் பார்க்க வேண்டும். பெயர் இருந்து இணையம் மட்டும் இல்லை என்றால் சிம், டவர், சிக்னல். எல்லாம் இருந்து இழுத்தால் வரிசை. இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன்; சில ரவுட்டர்களில் வைஃபை மட்டும் தனியாகத் தொங்கிப்போவதும் உண்டு, அதற்குத்தான் கேபிளில் கட்டிப் பார்ப்பது. ஆனால் இந்தப் பிரிப்பு இருந்திருந்தால் இந்த வீட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கும்.

கடைசியாக எதை மாற்றினீர்கள் என்று கேட்டால் "ஒன்றும் மாற்றவில்லை" என்றுதான் பதில் வரும், அவர்களும் நேர்மையாகத்தான் சொல்வார்கள். அடாப்டர் எரிந்ததை அவர்கள் மாற்றமாகவே நினைக்கவில்லை. இனி "இந்த வயர்கள், பிளக்குகள் எல்லாம் முதலில் வந்தவைதானா?" என்று ஒவ்வொன்றாகக் கையில் தொட்டுக் கேட்பேன். வீட்டில் யார் அந்தப் பெட்டியை அடிக்கடி பார்க்கிறார்களோ அவர்களிடமும் கேட்பேன், இணையம் பயன்படுத்தாதவராக இருந்தாலும்.

அன்டெனாவுக்கான கூலியை நான் வாங்கவில்லை. கழற்றித் தரவா என்று கேட்டதற்கு, வேகம் நல்லாத்தானே இருக்கு, இருக்கட்டும் என்றார்கள். பழைய யூபிஎஸ்ஸைக் குப்பையில் போட வேண்டாம் என்று சொல்லி நானே எடுத்து வந்தேன். 1 அம்பியர் அடாப்டர் நல்ல நிலையில்தான் இருந்தது, டிவியின் டிஷ் பெட்டிக்குப் பொருந்தியது. இரண்டு அடாப்டரும் ஒரே கறுப்பு, ஒரே முனை. மாறிப்போகாமல் இருக்க, தங்கச்சி தன் சிவப்பு நெயில் பொலிஷை எடுத்து வந்து ரவுட்டர் அடாப்டரின் முதுகில் 2 என்று பெரிதாக எழுதிவிட்டாள்.